விளக்குத் தந்தவரும் நெய் தந்தவரும்

கூட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே களைப்படைபவர்களுள் நாமும் ஒருவர். கல்லூரியில் ஆசிரியர் கூட்டம், பெற்றார் கூட்டம், பழைய மாணவர் கூட்டம், கோயிலிலே பரிபாலன சபைக் கூட்டம் என்று வாரத்தின் பெரும்பகுதி கூட்டங்களிலேயே கழிந்துவிடுகின்றது. எஞ்சிய மாலைப் பொழுதையேனும் வீட்டாருக்கென ஒதுக்கி வைத்தல் வேண்டும் என்பது எமது இல்லத்தரசியாரின் கட்டளை. அவ்வாறிருக்கவும், சென்ற புதன்கிழமை மாலை, நாம் உறுப்பினராக இல்லாத கழகமொன்றின் கூட்டத்திலே இரண்டரை மணி நேரம் அமர்ந்திருந்தோம். அமர்ந்திருந்தது மாத்திரமன்று, எழுந்து வர மனமில்லாமலும் இருந்தோம். அதன் காரணத்தை வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இவ்வாரத்து எழுத்தின் நோக்கம்.

எமது ஊரிலே சமூக சேவைக் கழகம் ஒன்று உண்டு. புதன்கிழமைதோறும் மாலை ஆறரை மணிக்குச் சந்தைக்கு அண்மையிலுள்ள மாடிக் கட்டடம் ஒன்றிலே அதன் உறுப்பினர் கூடுவர். இவ்வகைக் கழகங்களுக்கெல்லாம் மூத்தது, 1905ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்னும் சட்டத்தரணி தொடக்கிய றோட்டரிக் கழகம். ஒரு வாரம் ஓர் உறுப்பினரின் காரியாலயத்திலும், மறு வாரம் இன்னொருவரின் காரியாலயத்திலுமாகச் சுழன்று சுழன்று கூடியமையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. 1917இல் லயன்ஸ் கழகம் அந்நாட்டிலேயே தோன்றியது. றோட்டரிக் கழகம் 1929இலே கொழும்புக்கும் வந்து சேர்ந்தது. சிக்காகோக் கழகத்தார் தம் நகரத்துக்குச் செய்த முதற் பொதுப்பணி யாதென வாசகர்கள் அறிவார்களா? பொதுமக்களுக்கு மலசலகூடம் அமைப்பித்தமையே. மணிக்கூட்டுக் கோபுரமன்று, மண்டபமன்று, மலசலகூடம்! அதன் சுவரிலே தம் பெயரைப் பொறிக்க ஆசைப்படுவார் எவருமிலர். எனினும் நகரத்து மக்களுக்கு அன்று அதுவே தேவைப்பட்டது. இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் வேண்டியிருக்கும்.

நாம் சென்றபோது கூட்டம் தொடங்கவிருந்தது. தலைவர் சிறு மணியொன்றை அடித்தார். பத்தொன்பது பேர் இருந்தனர். பல் வைத்தியர், மருந்துக்கடை உரிமையாளர், இரண்டு சட்டத்தரணிகள், கட்டடப் பொருள் வியாபாரி, இளைப்பாறிய தபாலதிபர், இளைப்பாறிய மேற்றன் அம்மையார், கணினி நிலையம் நடத்தும் இளைஞர் ஒருவர் என்று பல தொழிலினரும் அங்கே காணப்பட்டனர். பிந்தி வந்த சட்டத்தரணிக்கு நூறு ரூபா அபராதம் விதிக்கப்பட்டது. அவர் அதனைச் சிரித்த முகத்துடன் உண்டியலில் இட்டார். சென்ற வாரக் கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்பட்டு, பிரேரிக்கப்பட்டு, ஆமோதிக்கப்பட்டது. வடையும் தேநீரும் வந்தன. இவ்வளவில் எல்லாக் கூட்டங்களையும் போலவே இதுவும் இருந்தது.

அடுத்து, எம்மை அங்கே அழைத்ததற்குக் காரணமான கடிதத்தைக் காரியதரிசி வாசித்தார். எழுதியவர் எமது பழைய மாணவர். இன்று கனடாவிலே ரொறன்ரோ நகரில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். தம் தாயாரின் நினைவாகக் கழகத்துக்குப் புத்தம் புதிய நோயாளர் வண்டி ஒன்றை வாங்கித் தர விரும்புவதாகவும், வண்டியின் இரு பக்கத்திலும் தாயாரின் பெயர் எழுதப்படவேண்டும் என்பதே தமது ஒரேயொரு வேண்டுகோள் என்றும் அவர் எழுதியிருந்தார். கடிதத்தின் ஈற்றிலே ஒரு வாக்கியம் இருந்தது. “அன்றிரவு எங்கள் ஊரில் ஓர் அம்புலன்ஸ் இருந்திருந்தால் அம்மா இன்றும் இருந்திருப்பார்.” அதனைக் கேட்டபோது நாம் தலையைக் குனிந்துகொண்டோம். அதற்கு இரங்கல் மாத்திரம் காரணமன்று. மற்றைய காரணத்தைப் பின்னர் சொல்லுவோம்.

கடிதத்தைக் கேட்டுச் சபையோர் கைதட்டினர். தனாதிகாரி மாத்திரம் கைதட்டவில்லை. அவர் வங்கி முகாமையாளராயிருந்து இளைப்பாறியவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “தலைவர் ஐயா, தீர்மானிக்கும் முன்னர் இப்போது எம்மிடமுள்ள வண்டியின் கணக்கைச் சபையோர் கேட்கவேண்டும்” என்றார்.

ஆம், கழகத்திடம் ஏற்கெனவே ஒரு நோயாளர் வண்டி உண்டு. சில ஆண்டுகளின் முன்னர் வேறோர் அன்பரின் நன்கொடையாற் கிடைத்தது. காலையிலிருந்து மாலைவரை அது ஓடுகின்றது. வாரத்தில் இரண்டு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்காகப் போதனா வைத்தியசாலைக்குச் செல்லும் சிறுநீரக நோயாளர், காலை இழந்தவர், சத்திரசிகிச்சை முடிந்து படுத்தபடியே வீடு திரும்புவோர், கிளினிக்குக்குச் செல்லவேண்டிய முதியோர் ஆகியோரே அதன் பயணிகள். இயன்றவர் இயன்றதைக் கொடுப்பர். இயலாதவரிடம் எவரும் கேட்பதில்லை. மாலையானதும் வண்டி கொட்டிலுக்குள் போய்விடும். இரவிலே அது ஓடுவதில்லை. ஓட்டுவதற்கு ஆளில்லை என்பதே காரணம்.

தனாதிகாரி ஒவ்வொன்றாக வாசித்தார். டீசல், எஞ்சின் எண்ணெய், காப்புறுதி, வருடாந்த வரிப்பத்திரம், ரயர், பற்றரி, ஒட்சிசன் சிலிண்டர் நிரப்புங் கூலி, கையுறை, கிருமிநீக்கி, தூக்குப்படுக்கையின் விரிப்பு வெளுக்குங் கூலி, சாரதியின் சம்பளம். சம்பளத்துக்கு மேலே ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3. இவற்றுள் ஒன்றேனும் ஆடம்பரமானதன்று. ஒன்றை நிறுத்தினாலும் வண்டி நின்றுவிடும். “ஓடினாற்றான் செலவு என்று நினையாதீர்கள். ஓடாமல் நின்றாலும் செலவுண்டு. நிற்கும் வண்டியின் பற்றரி இறங்கிப்போகும். ரயர் வெடிக்கும். கறள் பிடிக்கும். காப்புறுதி மாத்திரம் வருடந்தோறும் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும்” என்று அவர் சொன்னபோது சபையிலே சிரிப்பெழுந்தது. அச்சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை.

“2021ஆம் ஆண்டு மார்கழியிலே ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. 2022 யூன் மாதக் கடைசியிலே அது 460 ரூபா. வண்டி அதே வண்டி, தூரம் அதே தூரம், நோயாளரும் அதே நோயாளர். எமது சந்தாவும் அதே சந்தாவாகவே இருந்தது” என்று அவர் தொடர்ந்தார். அந்நாட்களை நாம் எவரும் மறக்கவில்லை. எரிபொருள் நிலையத்து வரிசைகளிலே இரவு பகலாக நின்ற கால்கள் இன்னும் அவற்றை நினைவில் வைத்திருக்கின்றன. அக்காலத்திலும் சிறுநீரக நோயாளரைக் கொண்டு செல்வதைக் கழகம் நிறுத்தவில்லை என்றும், உறுப்பினர் தமக்குக் கிடைத்த எரிபொருட் பங்கை விட்டுச் சைக்கிளில் திரிந்தனர் என்றும் அன்றுதான் அறிந்தோம். அவர்கள் அதனைப் பத்திரிகைக்குக் கொடுத்ததில்லை.

பின்னர் தனாதிகாரி கரும்பலகைக்குச் சென்று ஒரு கணக்கைப் போட்டார். கணக்கு எமது பாடமன்று. ஆயினும் இக்கணக்கு எமக்கு நன்றாகப் பதிந்தது. வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு 24 மணி, ஆக 168 மணி நேரம். ஒருவரை வாரத்தில் 45 மணி நேரம் வேலை வாங்கலாம். 168ஐ 45ஆல் வகுத்தால் நான்குக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு வண்டி இரவும் பகலும் ஆயத்தமாக நிற்கவேண்டுமாயின் ஒரு சாரதி போதாது, நால்வர் வேண்டும். நோயாளருக்கு அருகில் இருந்து கவனிக்கப் பயிற்சி பெற்றோர் நால்வர் வேண்டும். “எம்மிடம் ஒரு வண்டியும் ஒரு சாரதியும் இருக்கின்றனர். இரண்டாவது வண்டி வந்தால் இரண்டு வண்டியும் ஒரு சாரதியும் இருப்பர். வேறொரு மாற்றமும் இராது” என்று கூறிச் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு அமர்ந்தார்.

கணினி நிலைய இளைஞர் உடனே எழுந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. “வெளிநாட்டில் இருப்பவர் வண்டிக்குத்தான் பணம் தருவார். டீசலுக்குத் தாருங்கள் என்று கேட்டால் ஒருவரும் தரமாட்டார். வண்டியைக் கண்ணாற் பார்க்கலாம், படம் எடுக்கலாம், அம்மாவின் பெயரை எழுதலாம். டீசல் புகையாய்ப் போய்விடும். வருகிற சீதேவியை வாசலில் மறிப்பது புத்தியா? வண்டியை முதலில் வாங்குவோம், வழி பின்னர் பிறக்கும்” என்றார். சட்டத்தரணிகளுள் ஒருவர் வேறொரு கேள்வி கேட்டார். “1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் இலவசமாக வண்டி வருகின்றதே. அவ்வாறிருக்க எமக்கு இந்தத் தலையிடி எதற்கு?”

இவ்விடத்திலே அந்த 1990 பற்றி வாசகர்களுக்குச் சில வார்த்தை சொல்லுதல் தகும். இந்தியாவின் நன்கொடையோடு 2016ஆம் ஆண்டு யூலை மாதத்திலே மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் சுவசெரிய என்னும் இச்சேவை தொடங்கப்பட்டது. 2018 யூலை மாதத்திலே யாழ்ப்பாணத்தில் நடந்த விழாவோடு ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. மேலும் 209 வண்டிகள் அதற்கென வழங்கப்பட்டன. அவ்வாண்டிலேயே சட்டமியற்றி அதற்கென ஒரு மன்றமும் நிறுவப்பட்டது. தெருவில் விபத்து நேர்ந்தாலும் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தாலும் ஏழை பணக்காரன் என்னும் வேறுபாடின்றி அது வருகின்றது. அதனாற் பிழைத்தவர்கள் எமது தெருவிலேயே உளர். நன்றி மறத்தல் ஆகாது. ஆயின் அது ஆபத்து வேளைக்கு உரியது. இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரந்தோறும் செல்பவரையும், சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரையும் ஏற்றி இறக்குவதற்கு அதனை அழைத்தால், உண்மையில் ஆபத்திலிருக்கும் ஒருவருக்கு வண்டி இல்லாமற் போய்விடும். இளைப்பாறிய மேற்றன் அம்மையார் இதனைச் சுருக்கமாகச் சொன்னார். “அது உயிரைப் பிடித்து வைக்கிற வண்டி. எங்களுடையது உயிரோடு இருப்பவரை வாழ வைக்கிற வண்டி.”

அன்றியும், அச்சேவைக்கு நன்கொடை தந்த அயல் நாடு என்றென்றும் அதன் டீசலுக்குப் பணம் தரப்போவதில்லை. அதனை நாள்தோறும் ஓடச் செய்யும் செலவு எமது நாட்டின் திறைசேரியின் தலையிலேயே இருக்கின்றது. ஆகவே தனாதிகாரி கரும்பலகையில் எழுதிய கணக்கு ஒரு சிறு கழகத்தின் கணக்கு மாத்திரமன்று. அரசாங்கத்துக்கும் அதே கணக்குத்தான்.

பிற நாட்டாரும் இக்கணக்குக்குத் தப்பியவரல்லர். அமெரிக்காவிலே வேர்ஜீனியா மாநிலத்து றோனோக் நகரில் 1909ஆம் ஆண்டு, படகு கவிழ்ந்து இருவர் ஆற்றில் மூழ்கி இறப்பதை ஜூலியன் வைஸ் என்னும் சிறுவன் கரையில் நின்று கண்டான். கரையில் நின்ற பலருள் ஒருவருக்கேனும் காப்பாற்றும் வழி தெரியவில்லை. அச்சிறுவன் வளர்ந்து புகையிரதக் கம்பனியிலே வேலை பார்த்தான். 1928இலே தன்னோடு வேலை செய்தவர்களைச் சேர்த்து, மொத்தம் பத்துப் பேராக, ஊதியமில்லா உயிர் காக்கும் படையொன்றை அமைத்தான். அதனைக் கண்டு ஊர்கள் பலவற்றில் அத்தகைய படைகள் எழுந்தன. அங்கே முதலில் வந்தவர் ஆட்கள். வண்டி அவர்களுக்குப் பின் வந்தது.

அதே நாட்டிற் பிற்ஸ்பேர்க் நகரிலே 1967ஆம் ஆண்டு, வேலையற்றிருந்த கறுப்பின இளைஞர்களைத் திரட்டி, பீற்றர் சபார் என்னும் வைத்தியர் உயர்ந்த பயிற்சியளித்தார். நோயாளரை வண்டியில் தூக்கிப் போட்டு ஓடுவதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், வண்டிக்குள்ளேயே சிகிச்சையளிக்கும் முறையைக் கைக்கொண்ட முன்னோடிகள் அவர்கள். எனினும் 1975இலே நகரசபை அவர்களுடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள, அச்சேவை மூடப்பட்டது. திறமை குறைந்ததால் நின்றதன்று. நகரசபை பணம் தருவதை நிறுத்தியமையால் நின்றது.

இவ்வாறு விவாதம் நடந்துகொண்டிருக்கையிலே தலைவர் எம்மைப் பார்த்தார். “நீங்கள் அவருடைய ஆசிரியர். உங்கள் எண்ணம் யாது?” என்றார். விருந்தாளியாகச் சென்ற இடத்திலே வாய் திறக்கக் கூடாது என்றெண்ணியிருந்த நாம், தமிழாசிரியருக்கு உரிய பலவீனத்தினாலே சோழர் காலத்துக்குச் சென்றுவிட்டோம்.

தஞ்சைப் பெருங்கோயிலிலே இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் நிறைய உள்ளன. அவற்றுள் நந்தா விளக்குக்கு, அதாவது இரவும் பகலும் அணையாது எரியும் விளக்குக்குச் செய்யப்பட்ட தானங்களைப் பற்றியவை பல. விளக்கைத் தந்ததோடு தானம் முடிந்துவிட்டது என்று அக்காலத்தார் எண்ணவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கிட்டு, அவற்றை இடையரிடம் ஒப்படைத்தனர். ஒப்புக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கவேண்டும். ஆடு கிழப்பட்டு இறந்தால் குட்டி அதனிடத்தை நிரப்பும். ஆகவே அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுக்கள் கூறும். இறவாத, மூப்படையாத ஆடுகள் என்பது பொருள். ஒரு விளக்கை ஒரு கொல்லன் ஒரு நாளிலே செய்துவிடுவான். அதனை நூறு வருடம் எரியச் செய்வதற்குத்தான் 96 ஆடுகளும், ஓர் இடையர் குடும்பமும், கல்லிலே வெட்டிய கணக்கும் வேண்டியிருந்தன. எமது மாணவரும் விளக்கைத் தர முன்வந்திருக்கின்றார். ஆடுகளைக் கேட்கலாமே என்றோம்.

சபையோர் மகிழ்ந்தனர். தனாதிகாரி மாத்திரம் மீண்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “ஐயா சொன்னது நல்ல கதை. ஆனால் எங்கள் காலத்து ஆடு வங்கி வைப்புப் பணம். அது சாகும், மூப்படையும். 2022ஆம் ஆண்டு புரட்டாதியிலே கொழும்பின் விலைவாசி ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு எழுபது அளவுக்கு ஏறியது. அவ்வருடம் வட்டியை நம்பியிருந்தவரின் மந்தை பாதியாகிவிட்டது. ஒருவர் ஒரே தடவையிற் பெருந்தொகை தந்தால் அது காலத்தோடு கரையும். பலர் சிறிது சிறிதாக, விடாமல் தந்தாற்றான் மந்தையிற் குட்டி பிறக்கும்” என்றார். எமது உவமையை அவர் மறுத்தார் என்று முதலிலே எண்ணினோம். சிறிது சிந்தித்தபின், அதனை எம்மினும் நன்றாக விளங்கிக்கொண்டவர் அவரே என்பது தெரிந்தது.

அப்போது மேற்றன் அம்மையார் மறுபடியும் பேசினார். “எங்கள் கோயில்களில் திருவிழா எப்படி நடக்கின்றது? முதலாந் திருவிழா இன்னார் உபயம், இரண்டாந் திருவிழா இன்னார் உபயம் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு குடும்பம் இருக்கின்றது. ஒருவரும் தங்கள் திருவிழாவை விட்டுக்கொடுப்பதில்லை. கடன் பட்டாவது செய்வார்கள். வருடத்துக்கு 365 இரவு. இரவுச் சாரதிக்கும் உதவியாளருக்கும் டீசலுக்கும் ஒரு இரவுக்கு என்ன முடியுமென்று கணக்குப் பாருங்கள். தாய் தகப்பனின் திதி, பிள்ளையின் பிறந்த நாள், எது விருப்பமோ அந்த இரவை ஒரு குடும்பம் எடுக்கட்டும். அந்த இரவில் வண்டியின் முன்கண்ணாடியில் அவர்களுடைய பெயரை வையுங்கள். பெயர் வேண்டுமென்பவருக்குப் பெயரும் ஆயிற்று, நோயாளிக்கு வண்டியும் ஆயிற்று.”

சபை சற்று நேரம் அமைதியாக இருந்தது. பின்னர் தபாலதிபர் எழுந்து, தமது மனைவியார் காலமான ஆடி மாதத்து இரவைத் தமக்கு எழுதிக்கொள்ளும்படி கேட்டார். அபராதம் கட்டிய சட்டத்தரணி ஒன்று எடுத்தார். புதிய வண்டிக்காக வாதாடிய இளைஞர், தம் மகள் பிறந்த நாளுக்கு ஒன்றும், தாம் தோல்வியடைந்தமைக்கு அபராதமாக ஒன்றும் என்று இரண்டு எடுத்தார். கூட்டம் கலையும்போது தனாதிகாரியின் கொப்பியிலே 17 இரவுகள் எழுதப்பட்டிருந்தன. புதிய வண்டியை இப்போது ஏற்பதில்லை என்றும், கொடையாளருக்கு நிலைமையை விளக்கி எழுதவேண்டும் என்றும் தீர்மானம் நிறைவேறியது. கடிதம் எழுதும் பொறுப்பு எம்மிடம் தரப்பட்டது.

இனி, நாம் தலைகுனிந்த காரணத்துக்கு வருவோம்.

2012ஆம் ஆண்டு, மார்கழி மாதத்து மழையிரவு. அம்மாணவர் அப்போதே கனடாவுக்குப் போயிருந்தார். தாயார் இங்கே தனியே இருந்தார். அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி எமது வீடு. நள்ளிரவுக்குப் பின்னர் அயலவர் வந்து எம் கதவைத் தட்டினர். அந்த அம்மையார் நெஞ்சைப் பிடித்தபடி திண்ணையிலே வியர்த்துக் கிடந்தார். அக்காலத்தில் 1990 இல்லை. ஊரின் சிறு வைத்தியசாலைக்கு ஓடினோம். அங்கே ஒரு நோயாளர் வண்டி, வேப்பமரத்தின் கீழ், நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்திலே கொடையாளர் ஒருவரின் பெயர் பெரிய எழுத்திலே எழுதப்பட்டிருந்தது. மின்னல் வெளிச்சத்தில் அதனை எழுத்துத் தவறாமல் வாசித்தோம். அதன் பின்சில்லு ஒன்று காற்றிறங்கித் தரையோடு ஒட்டியிருந்தது. மாற்று ரயர் இல்லை. இரவுச் சாரதி என்ற பதவியும் அங்கில்லை. கடைசியில் அயலவரின் முச்சக்கர வண்டியிலே, அம்மையாரின் தலையை எம் மடியில் வைத்துக்கொண்டு, குண்டும் குழியுமான தெருவிலே சென்றோம். பெரிய வைத்தியசாலையின் வாசலை அடைந்தபோது அவர் பேசவில்லை. விடியுமுன் காலமாகிவிட்டார்.

அந்த வண்டி ஓடியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நாம் கூறமாட்டோம். அதனைக் கூற நாம் வைத்தியரல்லேம். ஆயின், மகன் தொலைபேசியிலே அழுதபடி, “அம்புலன்ஸ் ஒன்றும் இருக்கவில்லையா சேர்?” என்று கேட்டபோது, “இருக்கவில்லை” என்று சொன்னோம். துயரத்திலிருந்த பிள்ளைக்கு மற்றதைச் சொல்ல நா எழவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பியே அவர் இத்தனை வருடம் பணம் சேர்த்து, வண்டி இல்லாத ஊருக்கு வண்டி அனுப்ப முன்வந்திருக்கின்றார். பொய் சொல்லாதே என்று வகுப்பிலே படிப்பித்த ஆசிரியர், அம்மாணவருக்கே சொன்ன பொய் இது.

அன்றிரவு வீடு திரும்பி எழுத உட்கார்ந்தோம். கழகத்தின் தீர்மானத்தை எழுதுவது எளிதாயிருந்தது. அதன் கீழே, “தம்பி, அன்றிரவு ஊரில் ஒரு வண்டி இருந்தது” என்ற ஒரு வரியை எழுதுவதற்கு விடியற் கோழி கூவும்வரை சென்றது. ரயரைப் பற்றியும் எழுதினோம், சாரதியைப் பற்றியும் எழுதினோம். எழுதாது விட்டது ஒன்றுமில்லை.

நான்கு நாட்களாக மறுமொழி இல்லை. அந்நான்கு நாளும் எமக்கு உணவு செல்லவில்லை. ஐந்தாம் நாள் ஒரு சிறு கடிதம் வந்தது. கோபமில்லை, குறையுமில்லை. ஒரேயொரு கேள்விதான். “சேர், அந்த ரயருக்கு அன்று எவ்வளவு முடிந்திருக்கும்?”

ரயர்க் கடைக்குச் சென்று, பழைய விலைகளை நினைவில் வைத்திருக்கும் முதியவரிடம் விசாரித்து, அத்தொகையை எழுதி அனுப்பினோம். அதனை இங்கே எழுத எமக்கு மனம் வரவில்லை. அது அவ்வளவு சிறிய தொகை. மறுநாள் அவரிடமிருந்து மீண்டும் கடிதம் வந்தது. தாயாரின் பெயரை வண்டியில் எழுதவேண்டாம் என்றும், மார்கழி மாதம் முழுவதையும் தம் பெயருக்கு எழுதிக்கொள்ளும்படியும் கேட்டிருந்தார். மார்கழியில் முன்னரே இரண்டு இரவுகள் பிறரால் எடுக்கப்பட்டிருந்தன. அவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டனர் என்று தனாதிகாரி சிரித்துக்கொண்டே கூறினார். ஆகவே அவருக்கு மிகுதி மாத்திரமே கிடைத்தது.

இரவுச் சேவை இன்னும் தொடங்கவில்லை. கொப்பியிலே வெற்றிடமாக முந்நூறுக்கு மேற்பட்ட இரவுகள் இருக்கின்றன. அவை நிரம்புமா, முதல் வருடம் நிரம்பினாலும் மூன்றாம் வருடம் நிரம்புமா என்பது தனாதிகாரியின் கவலை. அது நியாயமான கவலை. வாசகர்களை எமது ஊருக்குப் பணம் அனுப்பும்படி நாம் கேட்கவில்லை. உங்கள் ஊர் வைத்தியசாலைக்கும் ஒரு வண்டி இருக்கும். அடுத்த முறை அவ்வழியாற் போகும்போது அதன் பக்கத்தில் எழுதியுள்ள பெயரை வாசித்துவிட்டு அப்பாற் போய்விடாதீர்கள். சற்றுக் குனிந்து அதன் சில்லுகளைப் பாருங்கள். இன்றிரவு இதனை ஓட்டுபவர் யாரென்று அங்குள்ளவரிடம் கேளுங்கள்.